துணைப் பத்தியம்

மாடி வீட்டுத் தபால்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, கீழ்த்தளத்தில் இருந்த லாத்தாவின் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. நோய் அவருக்கு. உப்பில்லாத மோர்ச்சோறு இவருக்கும். சாப்பாட்டு நேரமானால் தன் தட்டோடு மாடியேறிப் போய் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே கட்டிலில் அவர் ஒரு வாய் வைத்தால் வாசலில் இவர் ஒரு வாய்.

"என்ன அண்ணே, நல்லாவே இல்லல்ல?"

"வாயில வைக்க முடியல லாத்தா."

"எனக்கும்தான். இன்னும் ரெண்டு வாய். முடிச்சிருவோம்."

லாத்தாவின் ஊர்ப்பக்கம் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பம்பாய்ச் செம்பூரில் நாங்கள் குடியிருந்த சாலில், அந்த வரிசை வீட்டுக் கட்டடத்தில், எல்லோருக்கும் அவர் லாத்தாதான். மராத்திக்காரர்கள் அதையே பெயர் என்று நினைத்து லாத்தாபாய் என்பார்கள். என் மகனும் லாத்தா என்றே கூப்பிட்டான். உறவு முறைப்படி அவன் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நான் ஓரிரு முறை திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

சாலில் யாருக்குப் பத்தியம் என்றாலும் லாத்தாவுக்கும் பத்தியம். பிள்ளை பெற்றவள் பூண்டுக் குழம்பு சாப்பிட்டால் இவரும் அதையே சாப்பிடுவார். அம்மை கண்ட வீட்டுக்குள் போக முடியாவிட்டாலும் தன் வீட்டில் தாளிப்பதை நிறுத்திவிடுவார். அவர் கணவர் குர்லாவில் தகரப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். வாய்த்துடுக்கான மனிதர். "ஊருல எவனுக்குச் சளி புடிச்சாலும் எங்க வூட்டுல தயிர் கெடையாது தங்கச்சி. நான் இவளுக்குப் புருசனா, இல்ல ஆஸ்பத்திரி வார்டுபாயா, அதுவே எனக்குக் குழப்பமா இருக்கு" என்பார்.

ஏன் இப்படி என்று நானும் பல முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதில். "எனக்கு வேற என்ன வேலை, புள்ளையா குட்டியா?" என்று ஒரு நாள் சிரித்தார். "எதுக்க ஒருத்தர் கஞ்சியோட உக்காந்திருந்தா மீன் கொழம்பு தொண்டையில எறங்குமா?" என்று இன்னொரு நாள். ஒரு முறை மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "தனியாத் தின்னா அது மருந்து, புள்ள. கூட ஒருத்தர் உக்காந்து தின்னாத்தான் சாப்பாடு." இதில் எது உண்மையான காரணம், எல்லாமேயா, எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு பேருடைய வயிற்றுக்குத் துணை போனவருடைய சொந்த வயிறு சரியாக இருந்ததே இல்லை. சாலின் கடைசியில் பொதுக் கக்கூஸ். காலையில் தண்ணீர் டப்பாவோடு வரிசை நிற்கும். லாத்தா வந்தால் மட்டும் வரிசை பேசாமல் விலகி வழி விடும். புதிதாகக் குடிவந்தவன் எவனாவது முறைத்தால் யாராவது ஒருவர், "ஜானே தோ, லாத்தாபாய் ஹை" என்று வழிவிடச் சொல்வார். அவ்வளவுதான். அவரும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். ஒல்லியாக, சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருப்பார். கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை ஓடும். வயிற்றில் தங்கிய கரு எதுவும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. "கலியாணமாகி வந்ததுலேந்து இப்படித்தான். பம்பாய்த் தண்ணி எனக்கு ஒத்துக்கல" என்பார். பம்பாய்க்கு வந்ததும் சோற்றிலிருந்து ரொட்டிக்கு மாறியதைப் பற்றி அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. எல்லோரும் தண்ணீரைத்தான் திட்டினோம்.

என் மகனுக்கு ஒரு வயது தாண்டியபோதுதான் எனக்கு லாத்தாவோடு நெருக்கம் வந்தது. தாய்ப்பாலை விட்டுச் சாப்பாட்டுக்கு வந்த சில மாதங்களில் அவன் வயிறு பானைபோல் உப்பியது. கைகால் குச்சியானது. ஓயாமல் பேதி. சிரிக்கவே மாட்டான். பல் முளைக்கிறது என்றார் ஒரு டாக்டர். பூச்சி என்றார் இன்னொருவர். அமீபா என்று மருந்து கொடுத்தார் மூன்றாமவர். நான் படித்தவள். புத்தகம் பார்த்துச் சத்துணவு கொடுத்தேன். சோற்றில் பலம் இல்லை, ரேஷன் கோதுமையைச் சப்பாத்தியாக்கிப் பாலில் ஊற வைத்துக் கொடு என்று என் கணவரின் ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள். அதையும் செய்தேன். அவன் இளைக்க இளைக்க இன்னும் அதிகமாகச் செய்தேன்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாயின் நுனியில் இருந்த சின்ன உலோகக் குப்பி ஒன்றை அவனை விழுங்க வைத்து, குடலின் உள்பக்கத்தில் ஒரு கிள்ளு சதை எடுத்துப் பார்த்தார்கள். குடலின் உட்சுவர் புதுத் துவாலைபோல் நூல் நூலாக நிற்க வேண்டுமாம். இவனுக்குப் பழைய துவாலைபோல் மழுங்கிப் போயிருந்தது. டாக்டர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கள் மதராசிகள்தானே? சோறு சாப்பிடுகிறவர்களிடம் இதை நான் பார்த்ததில்லை. இது பஞ்சாப் பக்கத்து வியாதி" என்றார். கோதுமை ஆகவில்லையோ என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார்.

அவர் பொறுமையாக விளக்கினார். நாம் சாப்பிடுவது எல்லாமே உடம்புக்கு வெளியாள்தான். வெளியாளைக் கண்டால் அடிக்கிற காவல் ஒன்று குடல் முழுக்க இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டை மட்டும் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிட வேண்டும் என்று அந்தக் காவல் பழகி வைத்திருக்கிறது. இந்தப் பையனுடைய காவலுக்குக் கோதுமை விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் அமையவில்லை. அடிக்கக் கிளம்பிவிடுகிறது. அந்த அடி விழுவதோ சொந்தச் சுவரில்.

வீட்டுக்கு வந்து லாத்தாவிடம் அப்படியே சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப சோறு, பருப்பு எல்லாம் வெளியாளுதானா?"

"ஆமா லாத்தா."

"தெரிஞ்சே உட்டு வெச்சிருக்கா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"இந்த ஊருக்காரன் நம்மள உட்டு வெச்சிருக்கிற மாதிரி" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "சரி, இன்னையிலேந்து நானும் கோதுமை திங்கல. அவன் சின்னப் புள்ள. எல்லாரும் சப்பாத்தி தின்னா அவன் மட்டும் எப்படிப் பார்த்துக்கிட்டு இருப்பான்?" என்றார்.

சப்பாத்தியை நிறுத்துவது சுலபமாக இருந்தது. மறுநாளே அவனுக்கு ரவை உப்புமா கிண்டிக் கொடுத்தேன். ரவையும் கோதுமைதான் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. சேமியா, பிஸ்கட், எல்லாம் ஒவ்வொன்றாகத்தான் பிடிபட்டது. அப்படியும் பேதி நிற்கவில்லை. அவன் வயிறு சரியில்லாத நாளிலெல்லாம் ரசத்தில் பெருங்காயத்தைக் கூட்டிப் போட்டேன். வயிற்றுக்கு நல்லதல்லவா? கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவைக் கலந்துதான் செய்வார்கள் என்று கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னபோது, நானும் லாத்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "நல்லதுன்னு போட்டதுலயே இருக்கா? அப்ப நம்ம எதைத்தான் நம்புறது?" என்றார் லாத்தா. மாவு மில்லிலும் அதே கதை. கோதுமை அரைத்த கல்லிலேயே நம் அரிசியும் அரைபடும். லாத்தா விடிந்ததும் மில் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். "பையா, பெஹலே சாவல்! கல்லத் தொடச்சிட்டுப் போடு!" என்று, அரிசியை முதலில் அரைக்கச் சொல்லிப் பாதி இந்தியில் அவர் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும்.

மகன் தேறினான். வயிறு வடிந்தது, கன்னம் வந்தது. ஒரு நாள் சிரித்தான். அதைப் பார்த்துவிட்டு என் கணவர் ஆபீஸுக்கே போகவில்லை.

லாத்தாவும் தேறினார். அதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை, அல்லது தப்பாகக் கவனித்தோம். முகத்தில் ரத்தம் ஓடியது. வளையல் மணிக்கட்டிலேயே நின்றது. ரவிக்கையைப் பிரித்துத் தைத்தார். காலை வரிசையில் எல்லோரையும்போல் டப்பாவோடு நின்று, எல்லோரையும்போல் சண்டையும் போட்டார். எதிர் வீட்டு மராத்தியம்மா அவர் இடுப்பைப் பார்த்துவிட்டு, "க்யா லாத்தாபாய், குட் நியூஸ்?" என்று கேட்டாள். சால் முழுக்க அதே பேச்சானது. நாற்பதை நெருங்கிய லாத்தா வெட்கப்பட்டார். அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். "ஒண்ணுமில்லையாம் புள்ள. வெறும் சதையாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மட்டும் அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

எனக்கு அப்போதுதான் லேசாக உறைத்தது. மகனைக் காட்டப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். கோதுமையை விட்டதால் ஒரு பெரிய மனுஷிக்கு இருபது வருஷ வயிற்றுக் கோளாறு நிற்குமா? அவர் சிரித்தார். இது குழந்தைகள் வியாதி, பெரியவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், அதிலும் மதராசி வேறு என்றார். நான் மேலே கேட்கவில்லை. அவர் டாக்டர். நான் யார்?

அந்த டாக்டர்தான் இன்னொரு குண்டைப் போட்டார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது. இவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறானே, ஒருவேளை அன்றைக்குக் குடல் மழுங்கியது கோதுமையால்தானா என்றார். கடுமையான பேதியாலும் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு அப்படி ஆகுமாம். நிச்சயமாகத் தெரிய ஒரே வழி, சில மாதங்கள் கோதுமை கொடுத்துவிட்டு மறுபடி ஒரு கிள்ளு எடுத்துப் பார்ப்பது. அப்போதும் சுவர் நன்றாக இருந்தால் அவன் எல்லாப் பிள்ளைகளையும்போல் எதையும் சாப்பிடலாம். மழுங்கினால் ஆயுசுக்கும் கிடையாது.

"தெரிஞ்சுக்காம எப்படி? ஆயுசு பூரா அவன் கல்யாண வீட்டுல கைய கழுவிட்டு உக்காந்திருக்கணுமா?" என்றார் என் கணவர். அதுவும் நியாயம்தான். நானே பிசைந்து, நானே சுட்டு, விஷம் என்று இத்தனை நாள் ஒதுக்கியதை நானே ஊட்ட வேண்டும். இதுவும் நியாயமா? நான் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தேன்.

முதல் சப்பாத்தியை லாத்தாதான் சுட்டார். தட்டு இரண்டு வைத்தார்.

"நீங்க எதுக்கு லாத்தா?"

"அவன் திங்கறப்ப நான் திங்காம? வா ராசா, பிச்சுக்க."

மகன் ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்று பார்த்தான். "இது அட்டையா?" என்றான். லாத்தாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

நான் தினமும் அவன் வயிற்றைத் தடவிப் பார்த்தேன். மலத்தைப் பார்த்தேன். ராத்திரி எழுந்து மூச்சைக்கூடப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஓடினான், விளையாடினான், தூங்கினான். அப்படியானால் இத்தனை வருஷமும் ஒன்றுமில்லாததற்கா பயந்தோம் என்று ஒரு மனது. உள்ளே என்ன நடக்கிறதோ என்று இன்னொரு மனது. அவனையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் வேறு யாரையும் பார்க்கவில்லை.

ஒரு காலையில் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர்கள் பேசாமல் விலகினார்கள். நானும் பழக்கத்தில் விலகினேன். லாத்தா தலையைக் குனிந்துகொண்டு போனார். வளையல்கள் முழங்கைக்கு ஓடியிருந்தன.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன்.

"லாத்தா, உங்களுக்கும் கோதுமைதான் ஆகல. விட்டுடுங்க."

"போ புள்ள. அது சின்னப் புள்ளைங்க நோவுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எனக்குத் தண்ணிதான்."

"நடுவுல ரெண்டு வருஷம் இதே தண்ணியத்தான குடிச்சீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, அவன் எப்ப விடுறானோ அன்னைக்கு நானும் விடுறேன்."

அவர் கணவர் அன்று கேலி பேசவில்லை. என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தி, "தங்கச்சி, எப்படியாச்சும் நிப்பாட்டும்மா. நான் சொன்னா கேக்க மாட்டா" என்றார்.

பாதியில் நிறுத்தினால் மகனுக்குச் செய்தது எல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க எனக்குத் தைரியம் வராது. நிறுத்தாவிட்டால் லாத்தா. இரண்டு நாள் யோசித்துவிட்டு, டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டார், இனி அவனுக்குச் சோறுதான் என்று லாத்தாவிடம் சொன்னேன். "அல்லா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அன்றே அரிசி ரொட்டி தட்டிக்கொண்டு வந்தார். மகன் அதையும் சாப்பிட்டான். அதற்கு முன்பே உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நான் அவனுக்குச் சப்பாத்தி கொடுத்திருந்தேன். லாத்தாவிடம் சொல்லாதே, அவங்களுக்கு வயிறு வலிக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். தினமும் இப்படித்தான். அவன் சரி என்று தலையாட்டுவான். தின்று முடிக்க வெகு நேரம் எடுத்துக்கொள்வான். முன்பு லாத்தா எதிரில் இருந்தபோது போட்டிபோட்டுத் தின்றவன்.

லாத்தா மெல்ல மெல்ல நிமிர்ந்தார். ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாளும் நெருங்கியது. ஒரு மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் தட்டு மட்டும் இருந்தது, மகன் இல்லை. லாத்தா வீட்டு வாசலில் அவன் குரல் கேட்டது.

"பாதி உனக்கு. அம்மா கதவச் சாத்திட்டுக் குடுத்தாங்க. எனக்குத் தனியா நல்லாவே இல்ல."

நான் ஓடினேன். லாத்தாவின் உள்ளங்கையில் பாதிச் சப்பாத்தி. என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபிப்பார், ஏன் பொய் சொன்னாய் என்பார் என்று நினைத்தேன்.

"இத்தனை நாளும் புள்ள தனியாவா தின்னுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, அவன் ஒரு விள்ளல் வைக்க, அவரும் ஒரு விள்ளல் வைத்தார். இரண்டு பேரும் தின்று முடித்தார்கள். பிடுங்கியிருக்க வேண்டும் என்று இப்போதும் சில நாள் தோன்றும். சில நாள் அப்படித் தோன்றாது.

அந்த வாரமே கிள்ளு எடுத்தார்கள். வெளியே ஒரு குறையும் இல்லாத என் மகனுடைய குடல் உள்ளே மறுபடி மழுங்கியிருந்தது. ஆயுசுக்கும் கோதுமை கிடையாது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். பயத்தில் அழுதேனா, குழப்பம் தீர்ந்த நிம்மதியில் அழுதேனா தெரியாது. லாத்தாவிடம் சொன்னபோது, "அப்ப முடிஞ்சுபோச்சு. ரெண்டு பேருக்கும் சோறுதான்" என்றார், சந்தைக் கணக்கை முடித்தவர்போல.

பிறகு அவர் கணவர் மான்குர்த்தில் கக்கூஸ் உள்ளேயே இருக்கும் ஓர் அறையைப் பிடித்து லாத்தாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் விக்ரோலிக்கு மாறினோம். போன மழைக்காலத்தில் குர்லா ஸ்டேஷன் பாலத்தில், கூட்டத்துக்கு நடுவே, யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் வளையலைத்தான் பார்த்தேன். மணிக்கட்டில் இறுக்கமாக இருந்தது.

"ராசா எப்படி இருக்கான்? ஸ்கூலுக்குப் போறானா?"

"ரெண்டாம் வகுப்பு லாத்தா. நல்லா இருக்கான்."

"கோதுமை?"

"தொடுறதில்ல. நீங்க?"

என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தார். "அவன் திங்காம நான் எப்படித் திங்கிறது?"

பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்ட ஒரு பையனுக்கு, மான்குர்த்தில் இருந்துகொண்டு இவர் துணைப் பத்தியம் இருக்கிறார். இது உங்கள் வியாதியும்தான் லாத்தா, அவன் தின்றாலும் நீங்கள் தின்னக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நாளையிலிருந்து அது அவருக்கு மருந்தாகிவிடுமோ, மருந்து என்று ஆனால் விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டால் அது சரியா என்றும் நினைத்தேன். அதற்குள் மான்குர்த் வண்டி வந்துவிட்டது. பெண்கள் பெட்டியை நோக்கிக் கூட்டத்தோடு இறங்கியவர் படியில் திரும்பி நின்று கத்தினார்.

"ஏ புள்ள, என்னைக்காச்சும் அவன் தின்ன ஆரம்பிச்சா எனக்குச் சொல்லி அனுப்பு!"